அங்கமுத்துவின் வலது கை

ஐவி பிலிப் கல்கத்தாவிலிருந்து எம்.ஏ. பட்டத்தோடும் ஒரு பித்தளைக் கடிகாரத்தோடும் திரும்பி வந்து, சாந்தோமில் அப்பா விட்டுப்போன வீட்டின் வாசலில் ‘மனோதத்துவ ஆலோசனை, மாலை நான்கு முதல் ஆறு வரை’ என்று பலகை மாட்டியது 1932ஆம் வருஷம் ஜூலை மாதம். முதல் வாரத்தில் வந்தவர் ஒரே ஒருவர். லஸ் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெரியவர், காணாமல் போன தன் பசுமாடு எந்தத் திசையில் போயிருக்கும் என்று கேட்டார். தனக்கு அதெல்லாம் தெரியாது என்றாள் ஐவி.

“அப்போ கல்கத்தாவுல ரெண்டு வருஷம் என்னத்தைப் படிச்சுண்டிருந்தே?” என்று கேட்டுவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஐவி அந்தக் கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அது நியாயமான கேள்வியாகத்தான் அவளுக்குப் பட்டது.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. பகலில் மயிலாப்பூரில் ஒரு போதனா பாடசாலையில் வாத்தியாராகப் போகிற பெண்களுக்குப் பாடம் நடத்தினாள். மனோதத்துவத்தின் பக்கம் அவள் போனதற்குக் காரணம் அவளுடைய இடது தோள். இருபத்திரண்டு வயதில் அம்மா இறந்தபோது அவள் அழவில்லை. மாதா கோயில் பங்கு ஜனங்கள் எல்லோரும் தைரியசாலி என்று பாராட்டினார்கள். அடுத்த வாரம் தோள் வலிக்க ஆரம்பித்து, பதினாலு மாதம் வலித்தது. மூன்று டாக்டர்களும் இரண்டு விதமான தைலங்களும் வந்து போன பிறகு, ஒரு நாள் கோயிலில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தோளைத் தானே காது வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். இறக்கிவிட்டாள். வலி நின்றது. அதற்குப் பிறகு மூன்று நாள் அழுதாள். பங்கு ஜனங்கள் கவலைப்பட்டார்கள்.

இதை விளக்கக்கூடிய சாஸ்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, எட்டு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்கத்தாவுக்குப் போனாள். அங்கே ஒரு சொல்லைக் கேட்டதும் மனிதன் பதில் சொல்ல எத்தனை வினாடி எடுக்கிறான் என்று அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தோளைப் பற்றி அவள் கேட்டபோது, அது உடற்கூறு சாஸ்திரம், அடுத்த கட்டிடம் என்று பேராசிரியர் சொன்னார்.

பங்குனி மாதம் ஒரு சாயங்காலம் கெங்கம்மா வந்தாள். சாந்தோமுக்கு வடக்கே கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் கூடை சுமந்து வந்து அந்தத் தெருவில் மீன் விற்கிறவள். அன்றைக்குக் கூடையோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் பெயர் அங்கமுத்து. நாற்பது வயது இருக்கும். அவனுடைய வலது கை மூடியிருந்தது.

“தொறக்கல டீச்சரம்மா. ஆடி மாசத்துலேர்ந்து இப்டியே கீது,” என்றாள் கெங்கம்மா. “கட்டுமரத்துல போகசொல்ல துடுப்பப் புடிச்ச கை புடிச்சதுதான். எண்ணெய ஊத்தி துடுப்ப உருவி எடுத்தாங்கோ. உருவுனதும் கை மூடிக்கிச்சு.”

“டாக்டரிடம் காட்டினீர்களா?”

“காட்னோம். பெரிய டாக்டரு மயக்க மருந்து குட்த்தாரு. மயக்கத்துல கை நல்லாத் தொறந்துச்சாம். முழிச்சதும் மூடிக்கிச்சு. எலும்பு நரம்பு எல்லாம் சரியா கீது, மனசுலதான் இன்னாமோ கீதுன்னு சொல்ட்டாரு. மனசுக்கு உங்க வூட்லதான் போர்டு மாட்டிக்கீது.”

அங்கமுத்து அந்தக் கையை இன்னொருவருடைய சாமான் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஐவி தான் கற்றபடி ஆரம்பித்தாள். நூறு சொற்கள் கொண்ட பட்டியலை எடுத்து, பித்தளைக் கடிகாரத்தை மேஜை மேல் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டதும் மனதில் முதலில் தோன்றுவதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

“வீடு.”

“மீனு.”

“வெள்ளை.”

“மீனு.”

“பயம்.”

“மீனு.”

“அம்மா” என்ற சொல்லுக்கு நாலு வினாடி எடுத்துக்கொண்டு, “மீன் வித்தாங்கோ,” என்றான். நூற்றில் எண்பத்தொரு பதில் மீன். மிச்சத்தில் பாதிக்குக் கெங்கம்மாவே கதவருகிலிருந்து பதில் சொன்னாள். “ஒழுங்கா சொல்லுய்யா, டீச்சரம்மா கடியாரம் வச்சிக்கினு கீறாங்கோ,” என்று இடையிடையே அதட்டவும் செய்தாள்.

அன்றிரவு கடிகாரக் கணக்குகளை ஐவி பார்த்தாள். அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் கடிகாரத்தில் பதியாத ஒன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. கெங்கம்மா வாயைத் திறந்தபோதெல்லாம் அங்கமுத்துவின் மார்பு அசையவில்லை. அவன் மூச்சை நிறுத்தியிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மேஜையை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தாள். அங்கமுத்துவைப் படுக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, கால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடமும் எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். இதை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. தோள் விஷயத்தில் தனக்கு நடந்ததை மெதுவாக, முறையாகச் செய்து பார்க்கலாம் என்பதுதான் அவள் எண்ணம்.

“கட்டைவெரலா? அது இன்னா சொல்லும்? அங்கதான் கீது,” என்றான் அங்கமுத்து.

“பரவாயில்லை. குதிகால்?”

“அதுவும் கீது.”

முழங்கால் இருந்தது. இடுப்பு இருந்தது. வயிறு பசித்தது. மார்புக்கு வந்தபோது, “கல்லு வச்சாப்ல கீது,” என்றான். வலது கைக்கு வந்தபோது மூடிய கையை வயிற்றின் மேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

“சுடுது.”

“எங்கே?”

“உள்ளங்கையில. நெருப்பு கணக்கா.”

“அடுப்புல பட்டிருக்கும்,” என்றாள் கதவருகிலிருந்து கெங்கம்மா.

ஐவி அவள் பக்கம் திரும்பி, “எட்டு மாதமாகவா?” என்று கேட்டாள். கெங்கம்மா கூடையிலிருந்த மீன்களை ஈரத்துணியால் மூடினாள். கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி ஐவி கேட்டுக்கொண்டபோது, எழுந்து போய் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வெளியே போனதும் அங்கமுத்து பெரிய மூச்சாக இழுத்து விட்டான். அவன் பேச இன்னும் மூன்று செவ்வாய்க்கிழமை ஆயிற்று. நாலாவது வாரம், கண்ணை மூடியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

போன ஆடியில் குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரரின் பெரிய வலையை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒருவன் தேசப்பன், கெங்கம்மாவின் தம்பி. இன்னொருவன் முனியன், அங்கமுத்துவோடு பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டுமரத்தில் போனவன். அறுத்தவன் தேசப்பன்தான். அங்கமுத்துவுக்கும் கெங்கம்மாவுக்கும் அது தெரியும். கெங்கம்மா புருஷன் காலில் விழுந்தாள். பஞ்சாயத்தில் அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றினார்கள். வலை அறுபட்ட ராத்திரி முழுக்கத் தேசப்பன் தங்கள் வீட்டில்தான் படுத்திருந்தான் என்று சொல்லி, எரிகிற சூடத்தை அங்கமுத்து வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தான். சத்தியம் சத்தியந்தான் என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. முனியனைக் குப்பத்தை விட்டு விலக்கி வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை, துடுப்பைப் பிடித்த கை திறக்கவில்லை.

புத்தகங்களில் இந்த இடத்தில் கை திறக்கும். ஐவி கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கமுத்துவும் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தான். இரண்டு பேரும் கால் மணி நேரம் பார்த்தார்கள்.

“வர்ற செவ்வாக்கெழம வரட்டுமா?” என்று கேட்டான்.

“வா,” என்றாள் ஐவி.

அந்த வாரம் பங்குக் குருவான பவுல்சாமி சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு அறுபது வயது. வெயிலில் மிதித்து வந்ததால் முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு, “நீ பாவசங்கீர்த்தனம் கேக்கிறேன்னு பங்குல பேசிக்கிறாங்க,” என்றார்.

“பாவசங்கீர்த்தனம் இல்லை சாமி. மனோதத்துவம்.”

“ஆள் வர்றான், மறைச்சு வச்சதைச் சொல்றான், நீ கேக்கிற. அப்படித்தானே?”

“அவன் படுத்துக்கொண்டு சொல்கிறான் சாமி.”

சாமியார் இதை யோசித்தார். “ஞானஸ்நானம் வாங்கினவனா?”

“இந்து.”

“அப்ப அதிகாரம் உண்டா இல்லையான்னு எனக்கே தெரியல. ஆண்டவருக்குத்தான் எழுதிக் கேக்கணும்.” அவர் சொன்னது பிஷப்பான மேற்றிராணியாரை. இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்தார். “சொன்னானே, குணமாச்சா?”

“இல்லை.”

“என்ன அபராதம் கொடுத்தே?”

ஐவிக்குப் புரியவில்லை.

“பாவத்தைச் சொல்லிட்டா பாதிதான் முடிஞ்சிருக்கு. திருடினவன்கிட்ட நான் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுப் போன்னு விட்டுடறதில்ல. எடுத்ததைத் திருப்பிக் குடுன்னு சொல்லுவேன். இந்த ஆள் என்ன செஞ்சான்னு நீ எனக்குச் சொல்ல வேணாம், சொல்லவும் கூடாது. ஆனா அவன் எதையோ எடுத்திருக்கான். திருப்பிக் குடுக்கல. கையை மூடி வச்சிக்காம என்ன செய்வான்?” சாமியார் எழுந்தார். “நான் உன்னைக் கண்டிக்க வந்தேன். கண்டிச்சிட்டேன்னு வச்சிக்க.”

அடுத்த செவ்வாய்க்கிழமை, முனியன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஐவி அங்கமுத்துவிடம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். வாசற்படியிலிருந்து கெங்கம்மா எழுந்து உள்ளே வந்தாள்.

“அவன் எங்க இருந்தா உனக்கு இன்னா?” என்றாள். அதுவரை இருந்த டீச்சரம்மா போய்விட்டது. “கைய தொறக்கச் சொன்னா எங்குடிய கெடுக்கப் பாக்கறியா? எட்டு மாசமா நான் ஒருத்தி கூடைய தூக்கி சோறு போட்டுக்கினு கீறேன். அவன் கை மூடியே கெடக்கட்டும். எழுந்துருய்யா.”

அங்கமுத்து எழுந்து அவள் பின்னால் போனான். மறுநாளிலிருந்து கெங்கம்மா அந்தத் தெருவில் மீன் விற்கவில்லை. ஐவி பத்து நாள் கத்தரிக்காய் சாப்பிட்டாள். தான் செய்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டு ஒரு கையைத் திறப்பது வைத்தியம்தானா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கீழே பதிலுக்கு ஒரு பக்கம் விட்டு வைத்தாள்.

பதினோராம் நாள், சனிக்கிழமை, அங்கமுத்து தனியாக வந்தான். துவைத்த வேட்டி கட்டியிருந்தான்.

“முனியன் ராயபுரத்துல கீறான். ட்ராம்ல போவணும். நான் தனியா போனதில்ல,” என்றான்.

ஐவி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ட்ராம் மயிலாப்பூரிலிருந்து பாரிமுனைக்குப் போய், அங்கே மாறி, ராயபுரத்துக்குப் போனது. அங்கமுத்து மூடிய கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். முனியன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வீட்டைக் கண்டுபிடித்து இவர்கள் போனபோது குளித்துவிட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அங்கமுத்துவைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்தவில்லை.

அங்கமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தேசப்பன்தான் அறுத்தான் என்றான். தெரிந்தேதான் சத்தியம் செய்தேன் என்றான். பஞ்சாயத்தில் இதைச் சொல்லப் போகிறேன், நீ திரும்பி வந்துவிடலாம் என்றான்.

“எங்கம்மா தை மாசம் செத்துப்பூட்டாங்கோ,” என்றான் முனியன். “தெரியுமா?”

“தெரியும்.”

“குப்பத்துக்குள்ள கால வைக்கக் கூடாதுன்னுட்டாங்கோ. ரோட்டுமேல நின்னுக்கினு பாத்தேன். பாடைய யார் யாரோ தூக்கினு போறாங்கோ. நீயும் தூக்குன.”

“எடது பக்கம்,” என்றான் அங்கமுத்து. “எடது கையாலதான் முடிஞ்சிது.”

முனியன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான். “கைய காட்டு.”

அங்கமுத்து வேட்டி மடிப்பிலிருந்து கையை எடுத்து நீட்டினான். முனியன் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தான். அது நிமிரவில்லை.

“தொறக்காதா?”

“தொறக்காது.”

“நல்லா வேணும்,” என்றான் முனியன். கையை உடனே விடவில்லை. பிறகு ஐவியைப் பார்த்து, “இவங்கோ யாரு?” என்று கேட்டான். மனோதத்துவம் என்பதை அங்கமுத்து அவனுக்கு எப்படியோ விளக்கினான். முனியனின் மனைவி இரண்டு பேருக்கும் கூழ் கொடுத்தாள். திரும்பி வருவதைப் பற்றி முனியன் ஒன்றும் சொல்லவில்லை. ட்ராம் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தான்.

பஞ்சாயத்து அடுத்த வெள்ளிக்கிழமை கூடியது. அங்கே ஐவி போகவில்லை. அது அவள் போகக்கூடிய இடமும் அல்ல. பிறகு அங்கமுத்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவன் எழுந்து உண்மையைச் சொன்னதும், முன்பு செய்த சத்தியத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடி சூடம் அணைக்க வேண்டும் என்றார் பெரியதனக்காரர். சூடத்தை ஏற்றினார்கள். அணைக்க உள்ளங்கை இல்லை. முஷ்டியால் அணைத்தால் சத்தியமா என்று ஒருவர் கேட்டார். இடது கை ஆகாது என்றார் இன்னொருவர். கை வராதவன் சத்தியமே செய்ய முடியாதா என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. நாலு தரம் சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

கடைசியில் பெரியதனக்காரர் பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, “கெங்கம்மா, உன் தம்பி அன்னிக்கு உன் வூட்லதான் படுத்துக்கினு இருந்தானா?” என்று கேட்டார்.

கெங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். தேசப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றாள் கெங்கம்மா. வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேசப்பனை ஒரு வருஷம் விலக்கி வைத்தார்கள். அவன் பழவேற்காட்டுக்குப் போனான். முனியனுக்கு அழைப்புச் சொல்லி அனுப்பினார்கள். துறைமுகத்தில் வேலை நிரந்தரமாகப் போகிறது, வர முடியாது என்று பதில் வந்தது. அம்மாவின் வருஷத் திதிக்கு மட்டும் வருகிறேன் என்றானாம்.

கை அன்றைக்கும் திறக்கவில்லை. அங்கமுத்து செவ்வாய்க்கிழமைகளில் வந்துகொண்டிருந்தான். ஐவி பாய் விரித்தாள். கால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் கட்டைவிரல் கொஞ்சம் பேசியது. கதகதப்பான தண்ணீரில் கையை வைத்து, மூச்சு விடும்போதெல்லாம் விரலும் விடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் தனக்குள் அம்மன் துதியைச் சொல்லிக்கொண்டான். அவள் எதிரில் உட்கார்ந்து, தன்னை அறியாமல், அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்று ஒருநாள் தெரியவந்தது.

ஐந்தாவது வாரம் சூடு குறைந்தது என்றான். ஏழாவது வாரம் ஆட்காட்டி விரல் அசைந்தது. பதினோராவது வாரம் மூன்று விரல்கள் நிமிர்ந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் வரவில்லை, பிறகும் வரவேயில்லை. உள்ளங்கையை ஐவி வெந்நீரும் பஞ்சும் வைத்துச் சுத்தம் செய்தாள். தீக்காயத் தழும்பு இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. நகங்கள் குத்திய நாலு சின்னப் பிறைகள் மட்டும் இருந்தன. அங்கமுத்து மூன்று விரலால் அவளுடைய தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினான், வைத்தான், மறுபடி தூக்கினான். பிறகு முகத்தை மூடிக்கொண்டான். அவள் சன்னல் பக்கம் போய் நின்றாள்.

அம்மன்தான் கையைத் திறந்தாள் என்று குப்பத்தில் முடிவாகி, ஆடியில் கூடுதலாக ஒரு நாள் கூழ் ஊற்றினார்கள். சாந்தோம் கோயிலிலுள்ள தோமையார் கல்லறை மண் பட்டிருக்க வேண்டும் என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். பவுல்சாமி சாமியார் இரண்டையும் மறுக்கவில்லை. ஐவி இருபத்தாறு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கல்கத்தாவிலிருந்து வருகிற சஞ்சிகைக்கு அனுப்பினாள். நடந்தது மனோதத்துவமா, தேகாப்பியாசமா, மத ஆராதனையா என்பதை ஆசிரியை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு எழுதட்டும் என்று ஒரு வரிக் குறிப்போடு அது திரும்பி வந்தது. அவள் உட்கார்ந்து தீர்மானிக்கப் பார்த்தாள். முடியாததால், மறு வாரம் ஒன்றுக்கு இரண்டாகப் பாய் வாங்கினாள்.

ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அடையாற்றிலிருந்து, கோர்ட்டுக்குப் போனால் மட்டும் குரல் போய்விடுகிற ஒரு வக்கீல் வந்தார். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து தூங்காத ஒரு அம்மாள் வந்தாள். கால் கட்டைவிரலைப் பற்றி ஐவி கேட்டபோது எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். பிறகு படுத்தார்கள்.

ஐப்பசியில் ஒரு மழை நாள் கெங்கம்மா வந்தாள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அழைப்புக்குக் காத்திராமல் உள்ளே வந்து நின்றாள். முகம் வற்றியிருந்தது.

“அங்கமுத்து எப்படி இருக்கிறான்?” என்று ஐவி கேட்டாள்.

“கட்டுமரத்துக்குப் போய்க்கினு கீறான். அவனுக்கு இன்னா?” விலா எலும்புக்குக் கீழே ஐந்து விரலையும் வைத்து அழுத்திக் காட்டினாள். “எனக்குத்தான் இங்க கட்டிக்கினு கீது. சோறு எறங்கல. எங்கம்மா எம்மூஞ்சப் பாக்க மாட்டேங்குது. தம்பி எங்க கீறான், துன்றானா இல்லியான்னு தெரியல. அன்னிக்கு இல்லன்னு சொன்னேன் பாரு, அப்போலேர்ந்து.” முகத்தில் வழிந்த மழைநீரை முந்தானையால் துடைத்தாள். “உன்னாலதான் வந்துது. நீயே பாரு.”

ஐவி பாயை விரித்தாள். கெங்கம்மா ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, கூரையைப் பார்த்துப் படுத்தாள்.

“கண்ண மூட மாட்டேன்.”

“மூட வேண்டாம்,” என்றாள் ஐவி. கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.